மேடம் தொடாத ஈரல்

லிஃப்ட் மெக்கானிக் தன் வாழ்நாளில் எதையும் குறை சொன்னதில்லை. செத்தவர்களைப் பற்றி எல்லோரும் சொல்வதுதானே என்று நினைக்க வேண்டாம். இவர் விஷயத்தில் சாட்சி உண்டு.

ஒருமுறை டீக்கடைக்காரர் கைதவறிச் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். மெக்கானிக் கிளாஸ் முழுவதையும் குடித்து, வாயைத் துடைத்து, காசு கொடுத்துவிட்டு வந்தார். அடுத்துக் குடித்த ஆள் கடையையே தலைகீழாக்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இன்னொருமுறை, அவர் பழுது பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே அவர். கை எட்டும் தூரத்தில் அபாய மணி. காலையில் மாட்டியவரைச் சாயங்காலம் காவலாளிதான் தற்செயலாகக் கண்டுபிடித்து இறக்கினார்.

"யோவ், பெல் அடிக்கறதுக்கென்ன?"

"எல்லாரும் சாப்பிடற நேரம். அப்புறம் தூங்கற நேரம். எதுக்குத் தொந்தரவு?" என்றார் மெக்கானிக்.

அவர் மனைவி நேர் எதிர். துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளை விளக்குக்கு அடியில் விரித்து, காலர் கோணியதையும் தையல் விட்டதையும் கண்டுபிடித்துப் புறங்கையால் ஓரம் தள்ள வேண்டும். தள்ளும்போது "ரிஜெக்ட்" என்று வாய் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணும் கையும் வாயும் ஓயவில்லை. வீட்டில் சமையல் மெக்கானிக்கின் பொறுப்பு. அவர் தட்டை வைப்பார். மனைவி அதை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். ஒரு வாய் எடுத்து வைப்பார்.

"ஏங்க, இதை மனுஷன் தின்பானா?"

புறங்கை தட்டைத் தள்ளும். மெக்கானிக் எழுந்து போய் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கொண்டுவருவார். தள்ளிய தட்டு எங்கே போகும் என்று மகள் ஒருநாளும் யோசித்ததில்லை. பாத்திரம் கழுவும்போது அது காலியாக இருக்கும், அவ்வளவுதான்.

"இந்த மனுஷன்கிட்ட செக்கிங்கே கிடையாதுடி. எல்லாம் பாஸ்" என்பார் அம்மா. "என்னையே அப்படித்தான் பாஸ் பண்ணினாரு. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். உங்கப்பா மாதிரி வாயைத் திறக்காத ஆளுக்குப் பச்சத்தண்ணிகூடக் கிடைக்காது."

மெக்கானிக் சிரிப்பார். அந்தக் குறையைப் பற்றியும் அவருக்குக் குறை இல்லை.

பூனை வந்தது அம்மா இருந்த காலத்தில்தான். ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள், எண்ணெய்ப் பிசுக்கில் ஊறிக் கிடந்தது. உள்ளங்கையளவு சாம்பல் நிறம், நாலு பாதத்திலும் வெள்ளை. டூல்ஸ் பைக்குள் ஸ்பேனர்களுக்கு நடுவே போட்டுக் கொண்டுவந்தார். இரண்டு மாதத்தில் அது வீட்டில் நடந்த நடையைப் பார்த்துவிட்டு அவரே 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார். அப்படிக் கூப்பிட்டால்தான் அது திரும்பிப் பார்த்தது.

மகள் படித்து முடித்து வேறு ஊரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். வெப்பமானி, எடைக் கருவி, அழுத்தமானி எல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சீட்டு ஒட்டுகிற வேலை. பேச்சில் சிக்கனம். கண் அம்மாவுடையது, வாய் அப்பாவுடையது. பிழையைப் பார்ப்பாள், சொல்ல மாட்டாள், திருத்திவிடுவாள்.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அப்பாவின் போன் பேச்சு முழுக்க மேடத்தைப் பற்றியே ஆகிவிட்டது.

"இன்னிக்கு மேடத்துக்குக் கோழி ஈரல் வேகவச்சேன்ம்மா. மஞ்சக்கரு பாதி. பூசணி கொஞ்சம் மசிச்சு."

"சாப்டுச்சா?"

"ஆச்சு. ரொம்பப் பேச வேண்டியிருந்தது."

தொழிற்சாலையில் பக்கத்து மேசைக்காரி, ஸ்பீக்கரில் கேட்ட இந்தப் பேச்சுகளை வைத்து, அப்பா ஏதோ பெரிய இடத்தில் சமையல்காரராக இருக்கிறார் என்றே நினைத்திருந்தாள். "பாவம்டி உங்கப்பா. அந்த மேடத்துக்கு எது வச்சாலும் பிடிக்காது போலிருக்கே. வேற வீடு பார்க்கச் சொல்லேன்."

'ரொம்பப் பேச வேண்டியிருந்தது' என்பதை மகள் கொஞ்சலாக எடுத்துக்கொண்டாள். மீன் படம் போட்ட ஒரு பீங்கான் கிண்ணம் வாங்கி அனுப்பினாள். "ரொம்ப நல்லா இருக்கும்மா, ரொம்ப உபயோகமா இருக்கு" என்றார் அப்பா.

கடைசியாகப் பேசிய நாளன்றும் அவள் கேட்கத்தான் செய்தாள்.

"உங்க உடம்பு எப்படி இருக்குப்பா?"

"எனக்கென்ன. மேடம்தான் ஈரலைத் தொடலை. மூணாவது தடவை சூடு பண்ணியிருக்கேன்."

மறுநாள் காலை கீழ்வீட்டிலிருந்து போன் வந்தது. ஒரு வாரமாகவே நெஞ்சு வலித்திருக்க வேண்டும், எப்படித்தான் பொறுத்துக்கொண்டாரோ என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். மகளுக்குத் தெரியும் எப்படி என்று. எல்லாம் பாஸ்.

காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகுதான் மகள் பூனையைக் கவனித்தாள். எலும்பு தெரிந்தது. கீழ்வீட்டு டீச்சர் வைத்த பாலை முகர்ந்துவிட்டு ஒதுங்கியிருக்கிறது, மீன் வேகவைத்த தண்ணீரை மட்டும் நக்கியிருக்கிறது. மகள் அழவில்லை. அழுவதற்கு முன்னால் இதை முடித்துவிடலாம் என்று பூனையைத் துணிப்பையில் வைத்து மருத்துவரிடம் தூக்கிப் போனாள்.

கால்நடை மருத்துவர் இளவயசுக்காரர். மேடத்தின் வாயைத் திறக்கப் பார்த்துக் கையில் ஒரு கோடு வாங்கிக்கொண்டார்.

"நோய்னு ஒண்ணும் இல்ல. ஆனா பூனை நாய் மாதிரி இல்லம்மா, பட்டினி தாங்காது. ஈரல் கெட்டுப்போயிரும். நாளைக்குள்ள தானா சாப்பிடணும். இல்லேன்னா மூக்கு வழியா குழாய் விட்டுடலாம். இருக்கற நிலைமைல அது தாங்குமான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

"என்ன குடுக்கலாம்?"

"வீட்ல பழகினதே குடுங்க. உப்பு வேணாம், வெங்காயம் பூண்டு கூடவே கூடாது. வெதுவெதுன்னு இருக்கட்டும். பாசமாப் பேசுங்க. துக்கத்துல இருக்கு."

பாசமாகப் பேசுவது அவளுக்கு வராது. மற்றதெல்லாம் வரும். அப்பாவின் சமையலறையை ஆய்வுக்கூடமாக மாற்றினாள். ஈரலை வேகவைத்தாள். மீனை முள் நீக்கினாள். பூசணியைச் சல்லடையில் தேய்த்தாள். பையில் எப்போதும் இருக்கும் ஊசி வெப்பமானியைக் கவளத்தின் நடுவில் குத்தி, எலியின் உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தாள். பெரிய துண்டு, சின்னத் துண்டு, கூழ், உருண்டை என்று ஒவ்வொன்றாக மாற்றினாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது தொழில் விதி.

மீன் படம் போட்ட கிண்ணத்தைத் தேடினாள். அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. நிறைய வாஷரும் திருகாணியும். உபயோகமாகத்தான் இருந்திருக்கிறது. கொட்டிக் கழுவி அதில் வைத்தாள்.

மேடம் கிண்ணத்தைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. பிறகு சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய், அம்மாவின் நாற்காலிக் காலடியில் உட்கார்ந்து, அண்ணாந்து மேசையைப் பார்த்தது. அப்பாவைத் தேடுகிறது என்று மகள் நினைத்தாள். மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த உருண்டையைப் பிடித்தாள்.

மத்தியானத்துக்குள் தரையில் வரிசையாக ஏழெட்டுச் சின்னத் தட்டுகள், மருத்துவருக்கே விருந்து வைக்கலாம் போல. ஒன்றிலும் மூக்கு பட்ட அடையாளம் இல்லை.

சாயங்காலம் கீழ்வீட்டு டீச்சர் மேலே வந்தார். வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கிறவர். எதைப் பேசினாலும் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்.

"என்னம்மா வாசனை! நாமளே சாப்பிடலாம் போலிருக்கே! சமத்து, சாப்பிடு கண்ணு. அக்கா எவ்வளவு நல்லா பண்ணியிருக்கா பாரு!"

மேடம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் எதையோ கேட்கலாமா வேண்டாமா என்று தவித்தார். கேட்காமல் இருக்கிற சுபாவம் அவருக்கு இல்லை.

"தப்பா நெனச்சுக்காதே. அந்தம்மா ஏன் வரலை?"

"எந்தம்மா?"

"சமையல்காரம்மா. அவ்வளவு நாள் உழைச்சிருக்கா. துக்கத்துக்குக்கூட ஒரு எட்டு வந்துட்டுப் போகலையே. ஆனா அவளையும் குத்தம் சொல்ல முடியாது. உங்கப்பா கொஞ்சமாவா திட்டினாரு?"

மகள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கப்பாவா?"

"பின்னே? தினம் விளக்கு வைக்கற நேரத்துக்கு ஆரம்பிப்பாரு. 'இதை மனுஷன் தின்பானா? இது ஈரலா, செருப்பா? உப்பு எங்கே, உறைப்பு எங்கே, எடுத்துட்டுப் போ'ன்னு. கீழே என் பசங்க எல்லாம் பென்சிலை வச்சுட்டு, 'டீச்சர், தாத்தா ஆரம்பிச்சுட்டாரு'ம்பாங்க. முதல்ல எல்லாம் அவ்வளவு நல்லா வராது. திக்குவாரு. போகப்போக நல்லா தேறிட்டாரு. எனக்கு அந்தம்மாவை நெனச்சாத்தான் பாவமா இருக்கும். ஒரு தடவை மாடிப்படியிலயே நின்னு காத்திருந்தேன், வேற வீட்ல வேலை சொல்றேன்னு சொல்ல. அவ வெளியே வரவே இல்ல."

"டீச்சர், இங்க சமையல்காரி யாரும் கிடையாது."

"அப்ப யாரைத் திட்டினாரு?"

இரண்டு பேரும் மேசைக்கு அடியில் பார்த்தார்கள். மேடம் அண்ணாந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மகள் அலமாரியைத் திறந்து அம்மாவின் சாப்பாட்டுத் தட்டை எடுத்தாள். ஓரம் நெளிந்த எவர்சில்வர் தட்டு. நெளிவுக்குள் மெல்லிய சாம்பல் நிற முடி இரண்டு சிக்கியிருந்தன, பூனை முடி. இத்தனை நேரமும் எதைச் சோதித்தோம் என்று அவளுக்கு வெட்கமாக வந்தது. சூட்டைச் சோதித்தாள், துண்டின் அளவைச் சோதித்தாள். பூனைக்கு வேண்டியிருந்தது செக்கிங் முடிந்ததற்கான சீட்டு. அம்மா 'ரிஜெக்ட்' என்று தள்ளிய தட்டுதான் தரைக்கு வந்திருக்கிறது. குட்டியாக இருந்ததிலிருந்து அது தின்ற ஒவ்வொரு கவளமும் யாராவது குறை சொல்லிக் கழித்ததுதான். குறை சொல்லாத சாப்பாடு என்றால் அதன் கணக்கில் இன்னும் செக்கிங் ஆகாத சரக்கு.

அம்மா போன பிறகு அது பட்டினி கிடந்திருக்கும். அப்பா கண்டுபிடித்திருப்பார், பழுதைக் கண்டுபிடிப்பதுதானே அவர் பிழைப்பு. கண்டுபிடித்து, ஆயுளில் ஒரு தடவைகூட 'உப்பு இல்லை' என்று சொல்லியிராத மனுஷர், அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து, தானே சமைத்த சாப்பாட்டைத் தானே திட்டப் பழகியிருக்கிறார்.

"ரொம்பப் பேச வேண்டியிருந்தது" என்றாள் மகள் மெதுவாக.

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

ஈரலும் பூசணியும் அம்மாவின் தட்டில் ஏறின. மகள் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேடத்தின் காது இரண்டும் முன்னால் திரும்பின. அதைப் பார்த்து டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

மகள் ஒரு துண்டை வாயில் வைத்தாள். "உப்பு கம்மி" என்றாள்.

மேடம் கண்ணைச் சுருக்கியது.

"கொஞ்சம் குரலை ஒசத்தும்மா" என்றார் டீச்சர். "ஆஸ்பத்திரில ரிசல்ட் படிக்கற மாதிரி சொல்றே. பெயிலான பையனோட அப்பா மாதிரி சொல்லணும்."

"உப்பு கம்மி!"

"அது வெறும் சத்தம். உள்ளேயிருந்து வரணும். தள்ளு, நான் காட்டறேன்." டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து மேசையை ஒரு குத்து குத்தினார். "இது என்ன சமையலா? இதுக்கா படிக்க வச்சாங்க? நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா!" பழக்க தோஷம். மேடம் பாய்ந்து அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது.

டீச்சருக்கு முகம் தொங்கிப்போனது. அந்த நேரம் பார்த்துக் கீழே பிள்ளைகள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. "பசங்க வந்துட்டாங்க. நீ விடாதேம்மா. உங்கப்பாவுக்கும் முதல்ல வரலை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டில் சத்தம் அடங்கியது. அலமாரிக்குப் பின்னாலிருந்து வெள்ளைப் பாதம் ஒன்று வந்தது. பிறகு மற்றது. நடை தள்ளாடியது. நாற்காலிக் காலடிக்கு வருவதற்குள் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தது. நாளைக்குக் குழாய். அதைத் தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை.

"இதை மனுஷன் தின்பானா?" என்றாள் மகள். வார்த்தை சரி. குரல் சரியில்லை. அவளுக்கே தெரிந்தது.

ஈரலில் குறை இல்லை. அதுதான் கஷ்டம். இது அப்பா சமைக்கிற மாதிரியே இருந்தது. அந்தத் தட்டைப் பார்த்துக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவரைப் பற்றி இத்தனை நாளாக வந்தவர் போனவர் எல்லாம் நல்லது மட்டுமே சொன்னார்கள். தங்கமான மனுஷன். ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டார். ஒரு குறை சொல்ல முடியாது. அவளும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"குறை சொல்ல முடியாதாம்" என்றாள் தட்டைப் பார்த்து.

மேடம் நிமிர்ந்தது.

"யார் சொன்னது? நான் சொல்றேன். ஒரு வாரம்! ஒரு வாரமா நெஞ்சு வலிக்குது, வாயைத் திறக்க மாட்டீங்க. நான் கேட்டேனா இல்லையா? 'உடம்பு எப்படிப்பா'ன்னு கேட்டேனா? 'எனக்கென்ன'! உங்களுக்கென்னவா? இது ஒரு பதிலா? ஈரல் மூணு தடவை சூடு பண்ணினது எனக்கெதுக்கு? கத்த மூச்சு வராம, பூனை தின்னாத ஈரலை ஊர் தாண்டி போன்ல சொல்லத் தெரியுது, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலை. மணி கைக்கு எட்டற தூரத்துலதானே இருந்துச்சு? அடிக்கறதுக்கென்ன? எல்லாரும் தூங்கற நேரமா? நான் தூங்கலை! ஒரு பூனைக்காகத் தினம் கத்தத் தெரிஞ்சுது உங்களுக்கு. கத்தத் தெரிஞ்சிருக்கு! எனக்காக ஒரு நாள் கத்தியிருக்கக் கூடாதா? இதை மனுஷன் செய்வானா? இது ஒரு..."

புறங்கை தானாக நகர்ந்தது. தட்டு மேசையில் கிறீச்சென்று சறுக்கி விளிம்பில் நின்றது. வேலையிடத்தில் அவள் எத்தனையோ கருவிகளை அப்படித் தள்ளியிருக்கிறாள். அது யாருடைய கை என்று இன்றைக்குத்தான் பார்த்தாள்.

தட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். வெப்பமானி சொருகவில்லை. ஈரல் ஆறிப்போயிருந்தது.

மேடம் வந்தது. அவசரம் இல்லை. தட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஓரம் நெளிந்த பக்கமாக உட்கார்ந்து, ஒரு துண்டைப் பல்லில் கவ்வி இழுத்தது. மென்றது. அடுத்த துண்டு. பிறகு தலையே தெரியவில்லை, தட்டு தரையில் நகர்ந்துகொண்டே போயிற்று. எவர்சில்வரில் நாக்கு உரசும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மகள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, முகத்தை மூடாமல், மூக்கு வழிய அழுதாள். மேடம் அதைக் கண்டுகொள்ளவில்லை. அதற்குச் சாப்பாட்டு நேரம்.

கீழே கணக்குப் பாடம் நின்றுபோயிருந்தது. ஒரு பையனின் குரல் மட்டும் தெளிவாக மேலே வந்தது.

"டீச்சர், தாத்தா இல்லியே. இப்ப யாரு?"

"அவர் பொண்ணுடா. எழுது, எழுது."

மறுநாள் அதே நேரத்துக்கு மீன். மகள் முள்ளைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்து, அப்பா அவள் கல்லூரிக்குக் கிளம்பிய நாளன்று பஸ் ஸ்டாண்டில் எதுவுமே சொல்லாமல் நின்றதில் போய் முடித்தாள். தட்டு காலி. அதற்கடுத்த நாள் முட்டை. அன்றைக்கு அம்மாவுக்கும் கொஞ்சம் விழுந்தது. மருத்துவர் போன் பண்ணிக் கேட்டார், "பாசமாப் பேசினீங்களா?" "பேசினேன்" என்றாள்.

லீவு முடிந்ததும் மேடத்தைக் கூடையில் வைத்துத் தன் ஊருக்குக் கூட்டிவந்தாள். அம்மாவின் தட்டும் வந்தது. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். குடிவந்து இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கதவைத் தட்டியதில்லை. ஒரு மாமா திறந்தார்.

"மாமா, தினம் சாயங்காலம் கொஞ்ச நேரம் நான் கத்துவேன். பயந்துடாதீங்க."

"யார்மேலம்மா?"

"சாப்பாட்டு மேல."

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே திரும்பி மனைவிக்குக் குரல் கொடுத்தார். "ஏய், உனக்குத் துணைக்கு ஆள் வந்தாச்சு!" பிறகு இவள் பக்கம் திரும்பி, "சமையல் யாரும்மா?" என்றார்.

"நான்தான்."

"திட்டறது?"

"அதுவும் நான்தான்."

கூடைக்குள்ளிருந்து மேடம் ஒரு சத்தம் கொடுத்தது. நேரமாகிவிட்டது.